கையெழுத்தில்லாத ஆறு மாதம்

வன்னி
18.05.2003

தயாளினிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். என் கோபம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் எழுதக் காரணம் இருக்கிறது. உன் அப்பா போன கிழமை எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் பதினோராம் கட்டிலில் படுத்திருந்தார். பயப்படாதே, மலேரியாதான். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நேற்றுத் தன் சைக்கிளைத் தானே மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை என்று நீ சொன்னது சரி.

மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதானே எங்க தயாகூட ரூம்ல இருந்த புள்ள? போட்டோவுல பாத்திருக்கேன்.”

ஓம் என்றேன்.

“அவ ஏன் டொக்டரம்மா இங்க வரல்ல?”

பேராதனையில் மருத்துவம் படித்த ஐந்து வருடமும் ஒரே அறையில் இருந்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியை இருவரும் வன்னியிலேயே செய்வோம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. கொழும்பில் இடம் தெரிவு செய்த அன்று, புள்ளி கூடியவள் என்று முதலில் உள்ளே போன நீ, கண்டி என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கியதையும் சொல்லவில்லை. நான் உள்ளே போனபோது இந்த ஆஸ்பத்திரிக்கு நேரே இரண்டு இடமும் வெறுமையாகக் கிடந்தன. “இடம் இருக்கவில்லை” என்று உன் அப்பாவிடம் பொய் சொன்னேன். உனக்காகச் சொன்னது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற இடத்துக்கு ஜனார்த்தனன் வந்தான். அறுபத்து நான்கு கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். எங்களுக்கு மேலே மருத்துவ நிபுணர் அப்புத்துரை ஒருவர். அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. மேலதிக நேரப் படிவத்தில் நாங்கள் வேலை செய்யும் மணித்தியாலங்களில் பாதியைக்கூட எழுத இடமில்லை. மீதி மணித்தியாலங்கள் எங்கே போகின்றன என்று சிலவேளை யோசிப்பேன். எங்கோ ஒரு வெளியில் மேகம்போல அவை கூடிக் கிடக்கும் என்று தோன்றும். நின்றபடி தூங்கப் பழகிவிட்டேன், தயா. நாடி பிடித்து எண்ணும்போது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு முழுக் கனவு வந்துபோகிறது. அதில் முல்லைத்தீவுக் கடல் விடுதிக்குள் கணுக்கால் அளவு நிற்கிறது. கட்டில்கள் மெல்ல ஆடுகின்றன. யாரும் நனைவதில்லை.

உன் அப்பா சுகம். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஸஹ்றா

*

கண்டி
09.06.2003

ஸஹ்றா,

உன் கடிதம் வர மூன்று கிழமை எடுத்தது. உறையின் மூலையில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பிரித்து ஒட்டிய அடையாளம் இருந்தது.

அப்பாவைப் பார்த்ததற்கு நன்றி. அவர் உன்னிடம் அப்படிக் கேட்டாரா? எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. வராதே என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். இடம் தெரிவு செய்வதற்கு இரண்டு நாள் முன்பு, மாங்குளத்துக் கடையொன்றிலிருந்து தொலைபேசி எடுத்தார். “சண்ட நின்னு பாதை தொறந்திருக்குன்னு நம்பாத புள்ள. நாங்க எழுபத்தேழு கலவரத்துல தேயிலத் தோட்டத்த விட்டு ஓடி வந்தப்பவும் பாதை தொறந்துதான் இருந்துச்சு. உள்ள வந்தா மூடிக்கும். நீ அங்கனயே இரு.” அவ்வளவுதான். காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

இதை உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் பார்க்காமல் இறங்கினேன். அப்பா சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நான் பிள்ளை மருத்துவ நிபுணர் ஆக வேண்டும். அதற்கான பரீட்சைக்குப் படிக்க இங்கே பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது. உன்னிடத்தில் மின்பிறப்பாக்கி ஓடும் நேரம்தான் வெளிச்சம்.

ஆனால் நீ நினைக்கிற கண்டி இது இல்லை. ஒரு விடுதிக்கு ஏழு பயிற்சியாளர்கள். எங்களுக்கு மேலே நிபுணராகப் பயிலும் பதிவாளர்கள், அவர்களுக்கு மேலே முதுநிலைப் பதிவாளர்கள். ஐந்து மாதத்தில் ஒரு பிள்ளையின் முதுகுத் தண்டுநீரை நான் என் கையால் எடுத்ததில்லை. ஊசி என் கைக்கு வருமுன் யாராவது வாங்கிவிடுவார்கள். குறிப்பேடு தூக்குவது, இரத்த மாதிரிகளைக் கொண்டு ஓடுவது, படிவம் நிரப்புவது, பேராசிரியர் எல்லோர் முன்னும் ஏசும்போது தரையைப் பார்ப்பது. எனக்கும் நித்திரை இல்லை. ஆனால் என் நித்திரையின்மையில் கடல் வருவதில்லை. வெறும் படிக்கட்டுகள்தான் வருகின்றன.

தோட்டத்திலிருந்து வரும் தாய்மார் அப்பாவின் பேச்சில் பேசுகிறார்கள். வேண்டுமென்றே இன்னொரு கேள்வி கேட்டு அவர்களைப் பேசவைக்கிறேன்.

தயாளினி

*

வன்னி
21.07.2003

அன்புள்ள தயா,

இன்றைக்கு ‘அன்புள்ள’ தானாக வந்தது.

டொக்டர் அப்புத்துரை போய்விட்டார். நெஞ்சு வருத்தம். போன மாதக் கடைசியில் நாங்களே அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி வரமாட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பத்து நாளில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நிபுணரின் மேற்பார்வையும் கையெழுத்தும் இல்லாத காலம் பயிற்சியாகக் கணிக்கப்படாதாம். கொடுப்பனவும் அன்றோடு நிற்குமாம். ஜூன் வரையான ஆறு மாதம் சரி. மற்ற ஆறையும் வேறு ஆஸ்பத்திரியில் முடித்தால்தான் டொக்டராக முழுப் பதிவு. இரண்டு கிழமைக்குள் இடத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஜனார்த்தனன் குருநாகலுக்குப் போனான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். அவன் உழைப்பை நம்பித் தாயும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். போகும்போது “நீரும் வாரும், ஸஹ்றா. இது எங்கட பிழை இல்லை” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

இப்போது ஆஸ்பத்திரிப் பொறுப்பு வைத்தியர் வெளிநோயாளரையும் பிரசவ அறையையும் பார்க்கிறார். விடுதி முழுக்க என்னிடம். என்ன நடந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை, நான் படுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து வந்த நாலு வயதுப் பிள்ளைக்குக் குயினைன் எழுதினேன். எழுதும்போதே தாள் வெள்ளை மணலாகத் தெரிந்தது. அதில் நான் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வட்டமான சின்னக் கிளிஞ்சல்கள். இன்னும் ஒன்று வைத்தால் அழகாக இருக்கும் என்று பட்டது, வைத்தேன்.

அது ஒரு பூச்சியம், தயா.

தாதி சிவலட்சுமி சீட்டை வாங்கிப் பார்த்தா. ஏசவில்லை. “டொக்டர், பேனையை இஞ்ச தாங்கோ” என்று சொல்லி என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தா. பிறகு சீட்டை என் முன்னால் பிடித்தா. நான் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். அந்தப் பூச்சியத்தை நானே வெட்டினேன்.

பிள்ளை நேற்று எழுந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். நான் இருந்தால் யாரையாவது கொன்றுவிடுவேன் என்று பயம். போனால் இந்த அறுபத்து நான்கு கட்டிலுக்கும் ஆள் இல்லை.

நான் என்ன செய்ய?

ஸஹ்றா

*

கண்டி
03.08.2003

ஸஹ்றா,

போ. ஆறு மாதத்தை எரிக்காதே. நீ அங்கே தனியாக நின்று விழுந்தால், அந்த இடத்தை நிரப்பாதவர்கள் யாரும் வந்து தூக்கமாட்டார்கள். எல்லாப் பிழையும் உன் பெயரில்தான் எழுதப்படும்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். உன்னால் போக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே போகாவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதுகிறேன். மருந்தளவு எழுதினால் சிவலட்சுமி அதைச் சத்தமாக உனக்கு வாசிக்கட்டும். நீ காதால் கேட்ட பிறகுதான் மருந்து ஏற வேண்டும். ஒரு நாளில் நாலு மணித்தியாலம் கட்டாயம் படு. செத்துப்போகிற நோயாளி இருந்தாலும் படு.

இத்துடன் இருபத்தாறு பக்கம் வைத்திருக்கிறேன். பேராசிரியர்கள் கட்டிலருகே சொன்னவை. காய்ச்சல், வலிப்பு, பாம்புக்கடி, சிறுநீரகம் எல்லாம் இருக்கின்றன. கேட்டவற்றை நான் தினமும் எழுதிவைக்கிறேன். செய்ய விடாதவளுக்கு எழுத நேரம் இருக்கிறது.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். நீ எத்தனை தண்டுநீர் எடுத்திருப்பாய்? கையில் அது எப்படித் தெரியும் என்று சொல். எந்தப் புத்தகத்திலும் அது சரியாக இல்லை.

தயா

*

வன்னி
19.08.2003

அன்புள்ள தயா,

நாற்பத்தொன்று. முதலாவதை எடுத்தபோது பக்கத்தில் சொல்லித்தர யாரும் இல்லை. புத்தகத்தைத் திறந்து தலையணையில் வைத்திருந்தேன்.

ஈரத்துணியை மடித்துத் தைக்கும்போது ஊசி ஓரிடத்தில் தயங்கும், பிறகு மெல்ல விடும். அதேதான். தயங்குகிற இடத்தில் தள்ளாதே. உன் மூச்சை விட்டுவிட்டு, ஒரு நெல்லளவு போ. பிள்ளையைப் பிடிக்கிறவர்தான் முக்கியம். அவர் நன்றாக வளைத்துப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. பிடிக்கிறவரை நீயே தெரிந்தெடு.

நான் போகவில்லை. காரணம் கேட்பாய். தொண்ணூறில் எனக்குப் பன்னிரண்டு வயது. வடக்கிலுள்ள முஸ்லிம்கள் எல்லோரும் போகவேண்டும் என்று துவக்கோடு வந்தவர்கள் சொன்னார்கள், உடுத்த உடுப்போடு முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குப் போனோம். இந்த மண்ணிலிருந்து போகச் சொல்லி ஒருமுறை போயிருக்கிறேன். இம்முறை இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. “இருங்கோ டொக்டர்” என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. காலையில் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

என் தமையன் நாஸிம் நானா கோபத்தில் இருக்கிறார். “கையெழுத்தும் இல்ல, சம்பளமும் இல்ல, நீ என்ன அங்க தர்மத்துக்கு உன்னையே வக்பு செய்றியா?” என்று எழுதியிருந்தார். உள்ளே இரண்டாயிரம் ரூபாயும் வைத்திருந்தார்.

உன் இருபத்தாறு பக்கத்தையும் சிவலட்சுமி மட்டைபோட்டுக் கொப்பியாகத் தைத்துவிட்டா. நாலு மணித்தியாலம் படுக்கிறேன். அவா கதவடியில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறா.

ஸஹ்றா

*

கண்டி
12.09.2003

அன்புள்ள ஸஹ்றா,

எடுத்தேன். ஹட்டனிலிருந்து வந்த ஏழு மாதக் குழந்தை. பதிவாளர் கையை நீட்டியபோது ஊசியைக் கொடுக்கவில்லை. “நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. பிடிக்கத் தாதியொருவரை நானே கூப்பிட்டேன்.

தயங்கியது. விட்டது. துளி துளியாக, தெளிவாக வந்தது.

தயா

*

வன்னி
14.10.2003

அன்புள்ள தயா,

இதை ஆறுதலாக இருந்து வாசி. நானும் ஆறுதலாக எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்பது மணித்தியாலம் தூங்கினேன்.

போன செவ்வாய் விடிய, ஒட்டுசுட்டானிலிருந்து சின்னராசா என்ற கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். யானைக் காவலுக்கு வயலில் பாய்போட்டுப் படுத்தவர். வயிற்றுவலி என்று எழும்பியிருக்கிறார். இங்கே வரும்போது இமைகள் தொங்கிவிட்டன. கடித்த தடமே தெரியவில்லை. கட்டுவிரியன். இருந்த விஷமுறிவு மருந்தை ஏற்றினேன். எட்டு மணிக்கு மூச்சு நின்றது.

செயற்கைச் சுவாசப் பொறி இங்கே இல்லை. குழாயை இறக்கி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கத் தொடங்கினோம். ஒரு அமுக்கு, ஒரு மூச்சு. அவருடைய மனைவி, தம்பி, அம்புலன்ஸ் சாரதி நல்லதம்பி, சிவலட்சுமி, நான் என்று முறை வைத்து மாறினோம். அன்று பின்னேரம் கண்மடலை உயர்த்தி வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மணிகள் இரண்டும் பெரிதாக விரிந்து அசையாமல் நின்றன. கிள்ளினேன், ஒன்றுமில்லை. பொறுப்பு வைத்தியரும் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். “விடும் பிள்ளை. இது முடிஞ்சுது. சனத்தை ஏன் வருத்துறீர்?”

தம்பி பையை அமுக்கியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விடுவோம் என்று சொல்ல நான் வாய் திறந்தேன், தயா. அப்போது சிவலட்சுமி உன் கொப்பியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தா. பதினெட்டாம் பக்கம். கட்டுவிரியன் கடித்தவர் செத்தவர்போலக் கிடப்பார், கண்மணி விரிந்து நிற்கும், அதைப் பார்த்துக் கைவிடக்கூடாது, தசைதான் உறங்குகிறது, ஆள் உள்ளே விழித்திருக்கிறார், எல்லாம் கேட்கும், பேசுங்கள். கீழே நீ கோடிட்டிருந்தாய். அதைப் பொறுப்பு வைத்தியரிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “சரி, என்ர முறை எப்ப?” என்று கேட்டார்.

முப்பத்தொரு மணித்தியாலம் அமுக்கினோம். என் முறையில் தூங்கிவிடாமலிருக்க அவரோடு பேசினேன். வேறு கதை இல்லாததால் முல்லைத்தீவைச் சொன்னேன். வீட்டிலிருந்து கடல் எப்படிக் கேட்கும், பாஷையில்லாமல் யாரோ கதைப்பதுபோல. நாங்கள் வெளியேறிய காலையில் உம்மா அடுப்பில் மீன் ஆணம் வைத்திருந்தா. இறக்குவதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தா. லொறி பரந்தன் தாண்டும்வரை “உப்புப் போட்டனா?” என்று கேட்டுக்கொண்டே வந்தா. இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் கண்திறக்காத மனிதரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் அமுக்குகிற மூச்சில் நானும் மிதப்பதுபோல இருந்தது. அறையே ஒரு வள்ளமாக, மெல்ல, கரை தெரியாத தண்ணீரில்.

புதன் பின்னேரம் இடது பெருவிரல் அசைந்தது, மூச்சும் தானாக வரத் தொடங்கியது. வெள்ளி குழாயை எடுத்தோம். நேற்று, எழுப்பி இருத்தியதும், கரகரத்த குரலில் முதலாவதாகக் கேட்டார்.

“டொக்டர், அந்த மீன் கறி பிறகு என்னானது?”

“எந்த மீன்?” என்றேன்.

“உங்கட உம்மா அடுப்பில விட்டிட்டு வந்தது. நான் கண் திறக்கேலாமல் அதையேதான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். முடிவைச் சொல்லாமல் எழும்பிப் போட்டீங்கள்.”

“எரிஞ்சுதான் போயிருக்கும்” என்றேன்.

“ஓம்,” என்றார். கொஞ்சம் யோசித்து, “பாவம். நல்ல மீனாயிருந்திருக்கும்” என்றார்.

பதின்மூன்று வருடத்தில் அதற்காக நான் அழுதது இதுதான் முதல் தடவை. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கடப்படவில்லை.

உன் பதினெட்டாம் பக்கம் இல்லாவிட்டால் அவரை உயிரோடு புதைத்திருப்பேன்.

ஸஹ்றா

*

கண்டி
26.11.2003

அன்புள்ள ஸஹ்றா,

அந்தப் பதினெட்டாம் பக்கத்தை நான் எழுதிய நாள் நினைவிருக்கிறது. பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதிப் பேர் தூங்கினார்கள். நானும் தூங்காமலிருக்கத்தான் எழுதினேன்.

உன் கடிதத்தை இங்குள்ள நண்பர்களுக்கு வாசித்துக்காட்டினேன். உன்னுடைய ஆறு மாதத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லி முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொழும்புக்கு அனுப்பினோம். மூன்று வரியில் பதில் வந்தது. விதியில் இடமில்லை. அதை உனக்கு அனுப்பவில்லை, உனக்கு வேண்டாம்.

வேறு ஒன்று செய்தேன். எனக்கு ஜனவரியில் பயிற்சி முடிகிறது. முழுப் பதிவு கிடைத்ததும் வைத்திய அதிகாரியாக எங்கே போவது என்று எழுதிக் கேட்டார்கள். உன் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன். படிவம் வாங்கிய எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வேறு யாரும் கேட்காத இடம் மிஸ், தெரிந்துதான் எழுதினீர்களா?” என்றார்.

இரண்டு வருடம். அதற்குப் பிறகு பரீட்சைக்கு வந்துவிடுவேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே. நான் உன்னைப்போல் இல்லை.

நான் வந்தால் நீ போகலாம். இங்கே ஜனவரியில் என் இடம் வெறுமையாகும். உன் மற்ற ஆறு மாதத்தை இங்கே முடி. என் கட்டிலுக்கு யன்னல் இருக்கிறது. காலையில் மூடுபனி உள்ளேயே வந்துவிடும். நீ கடல் என்று நினைத்துக்கொள்வாய்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

தயா

*

வன்னி
15.12.2003

அன்புள்ள தயா,

சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். உன் அப்பா சந்தைக்கு வந்தவர் எட்டிப்பார்த்தார். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தார். மகிழ்வார் என்று நினைத்துச் சொன்னேன். கிழங்கை மேசையில் வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“நான்தானே டொக்டரம்மா அவ ஏன் வரல்லன்னு கேட்டேன். கேக்கிறது வேற. வாறது வேற.”

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு போனார்.

மழை தொடங்கிவிட்டது. வயல்களெல்லாம் ஒரே தண்ணீர், அதில் வானம் தலைகீழாகக் கிடக்கிறது. நான் வருகிறேன், தயா. போக மனமில்லாமல் வருகிறேன், ஆனால் வருகிறேன். எனக்கும் யாராவது பக்கத்தில் நின்று ‘இது பிழை, இது சரி’ என்று சொல்ல வேண்டும். நானே கற்றதில் எது பிழை என்று எனக்குத் தெரியாமலே இருக்கிறது. அதுதான் என் பெரிய பயம்.

சிவலட்சுமி உன்னைப் பற்றிக் கேட்டா. “கொப்பி எழுதின டொக்டரோ?” என்றா. “அப்ப வரட்டும்.”

ஸஹ்றா

*

வன்னி
23.02.2004

அன்புள்ள ஸஹ்றா,

மூன்று கிழமையாகிறது. நான் வந்த பஸ்ஸும் நீ போன பஸ்ஸும் ஓமந்தையில் எதிரெதிரே நின்றிருக்கும். நான் யன்னலால் பார்த்தேன், தூசிதான் தெரிந்தது.

நீ சொன்னவை எல்லாம் உண்மை. இரண்டாம் நாளே நின்றபடி தூங்கினேன். கனவில் படிக்கட்டு வரவில்லை. என்ன வந்தது என்று நினைவில்லை, மெத்தென்று இருந்தது. சிவலட்சுமி என் சீட்டுகளைச் சத்தமாக வாசிக்கிறா. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறா. சின்னராசா புது நெல் கொண்டுவந்து, நீ இல்லை என்றதும் திரும்பக் கொண்டுபோகப் பார்த்தார். பிறகு, “சரி, கொப்பிக்கும் பங்கு இருக்குத்தானே” என்று வைத்துவிட்டுப் போனார்.

அப்பா வரவில்லை. அம்மா இரண்டு தரம் வந்தார். தங்குமிடம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே என்பதால் நானும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மைல்தான். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன், போகப் பயந்தேன் என்பதுதான் சரி.

இன்றைக்கு வெளிநோயாளர் பிரிவில் என் முறை. பதினொரு மணியளவில் நாற்பத்திரண்டாம் இலக்கத் துண்டோடு ஒருவர் வந்து கதிரையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். நான் நிமிர்ந்து பார்த்தேன், அப்பா. அவர் மேசையைப் பார்த்தார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

“பேர்?”

“வீரையா.”

“வயசு?”

“அம்பத்தெட்டு.”

“என்ன செய்யுது?”

“தூக்கம் வரமாட்டேங்குது, டொக்டர்.”

“எத்தின நாளா?”

“மூணு கெழமையா.”

என் பேனை நின்றுவிட்டது. எழும்பி அவர் நெஞ்சில் குழாயை வைத்தேன். சட்டைக்குள் வயல் மணம். இதயம் நன்றாக அடித்தது. கேட்டு முடிந்தும் நான் கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“மெலிஞ்சிட்ட” என்றார்.

இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், திரைக்குப் பின்னாலுள்ள கட்டிலில் கொஞ்சம் படுங்கள் என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார். பட்டியைச் சுற்றிக் காற்றடித்து, விட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கையில் தூங்கிப்போயிருந்தார். வாய் சற்றே திறந்து, ஒரு கை என் வெள்ளை மேலங்கியின் ஓரத்தைப் பிடித்தபடி.

அங்கியை மெல்லக் கழற்றி அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்து நாற்பத்து மூன்றாம் ஆளைக் கூப்பிட்டேன். அவர் திரைப்பக்கம் குறட்டைச் சத்தத்தைக் கேட்டு, தானாகவே குரலைத் தாழ்த்தித் தன் வருத்தத்தைச் சொன்னார். அடுத்தவரும் அப்படியே. இன்றைக்கு முழுக்க எல்லோரும் என்னிடம் கிசுகிசுவென்று பேசினார்கள்.

இப்போது பின்னேரம் நாலரை. வரிசை முடிந்துவிட்டது. அவர் இன்னும் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை. பக்கத்தில் இருந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தயா